கிணற்றடியிலிருந்து விண்முகில் வரை

தீவகத்தில் காணி பார்க்கப் போகிறவர் வேலியையும் பனையையும் பார்ப்பதற்கு முன் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கிணத்துத் தண்ணி எப்பிடி?"

வேலணையிலிருந்து வாணர் தாம்போதியால் புங்குடுதீவுக்குள் வரும்போது மடத்துவெளியை அடைகிறோம். வருகிற வழியில் இரண்டு பக்கமும் கடல். ஊரைச் சுற்றியும் கடல். ஆனாலும் ஊருக்குள் கிணறு வெட்டியிருக்கிறார்கள். சில கிணறுகளில் நல்ல தண்ணீர், சிலவற்றில் உவர். கடல் இவ்வளவு கிட்ட இருக்கும்போது நல்ல கிணறு எப்படி நல்லதாகவே இருக்கிறது? அது எப்போது உவராக மாறும்?

நிலத்துக்குக் கீழே இறங்கிப் பார்த்து வந்தவர் யாருமில்லை. ஆனால் ஒரு கடதாசியும் பென்சிலும் இருந்தால் இதற்கு விடை காணலாம். இப்படிக் கண்ணால் காண முடியாத ஒன்றைக் கணக்கால் காணும் முறைக்குக் கோட்பாட்டு மாதிரியுரு என்று பெயர். கிணற்றுக்கு உதவும் இந்த முறைதான் அணுவுக்குள் இருக்கும் இலத்திரனுக்கும், நட்சத்திரங்களுக்கிடையே மிதக்கும் வாயு முகிலுக்கும் உதவுகிறது. அந்த வழியில் சற்று நடந்து பார்ப்போம்.

மாதிரியுரு என்றால் என்ன?

உம்மா சோறு ஆக்கும்போது ஒரு சுண்டு அரிசிக்கு இரண்டு சுண்டு தண்ணீர் என்று வைக்கிறார். பானையின் நிறம், அடுப்பு நிற்கும் திசை, அன்றைய கிழமை எதையும் அவர் கணக்கில் எடுப்பதில்லை. தேவையானதை மட்டும் எடுத்துத் தேவையற்றதை விட்டுவிடுகிறார். அதுவே ஒரு மாதிரியுரு. பழைய அரிசியானால் தண்ணீர் போதாது என்பதும் அவருக்குத் தெரியும். அது அந்த மாதிரியுருவின் எல்லை.

பௌதிகவியலாளரும் இதையே செய்கிறார். எது முக்கியம் என்று தெரிந்தெடுப்பது முதற்படி. அதைச் சமன்பாடாக எழுதுவது இரண்டாம் படி. அச்சமன்பாடு என்ன சொல்கிறது என்று கடைசி வரை கணிப்பது மூன்றாம் படி. வந்த விடையை இயற்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நான்காம் படி. நான்காவதை விட்டால் முதல் மூன்றும் வெறும் கணக்கு விளையாட்டாகிவிடும்.

பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்பிறூனி இதற்கு நல்ல உதாரணம். இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியிலுள்ள நந்தனா என்னும் இடத்தில் ஒரு மலையின் உயரத்தை அளந்தார். பின்னர் அதன் உச்சியில் நின்று, அடிவானம் கிடைமட்டத்திலிருந்து எத்தனை பாகை தாழ்ந்து தெரிகிறது என்று பார்த்தார். பூமி ஒரு கோளம் என்பதே அவருடைய எடுகோள். ஓர் உயரம், ஒரு கோணம், சிறிது திரிகோண கணிதம் ஆகிய மூன்றையும் கொண்டு முழுப் பூமியின் ஆரையையும் கணித்துவிட்டார். அவர் பெற்ற விடை இன்று நாம் அறிந்த அளவுக்குக் கிட்டியது. பூமியைச் சுற்றி நடக்காமலே அதை அளந்த மனிதர் அவர்.

கிணற்றின் கணக்கு

இப்போது மடத்துவெளிக் கிணற்றுக்குத் திரும்புவோம். மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாகக் கீழிறங்குகிறது. கீழே ஏற்கெனவே கடல்நீர் ஊறியிருக்கிறது. நன்னீரின் அடர்த்தி கன மீற்றருக்கு 1000 கிலோகிராம். கடல்நீரினது ஏறத்தாழ 1025. பாரம் குறைந்த நன்னீர் பாரம் கூடிய கடல்நீரின்மேல் மிதக்கிறது. நடுவில் தடித்தும் கரையோரத்தில் மெலிந்தும், பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் நாம் பார்க்கும் குவிவு வில்லை போன்ற வடிவில் அது கிடக்கிறது.

கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் நிற்கும் உயரம் உ என்க. கடல் மட்டத்துக்குக் கீழே அது இறங்கியிருக்கும் ஆழம் ஆ என்க. அடியில் இரண்டு நீரும் சந்திக்கும் இடத்தில் அமுக்கம் சமனாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று மற்றதைத் தள்ளிவிடும். ஆகவே,

1000 × (ஆ + உ) = 1025 × ஆ

இதைச் சுருக்கினால் 25 ஆ = 1000 உ. அதாவது ஆ = 40 உ.

இந்த 40 என்ற எண்ணைச் சற்று நின்று கவனியுங்கள். கிணற்று நீர் கடல் மட்டத்துக்கு மேலே 30 சதமமீற்றர் நின்றால், கீழே 12 மீற்றர் ஆழம் வரை நன்னீர் உண்டு. நல்ல செய்திதான். ஆனால் இதே கணக்கு மறுபக்கமாகவும் வேலை செய்யும். அளவுக்கு மீறி இறைத்து நீர்மட்டத்தை 10 சதமமீற்றர் தாழ்த்தி அப்படியே வைத்திருந்தால், கீழேயிருந்து உவர்நீர் காலப்போக்கில் 4 மீற்றர் மேலெழும். மேலே ஒரு சாண்கூட இல்லாத குறைவு, கீழே இரண்டு ஆள் உயர இழப்பு.

துலாவால் இறைத்த காலத்தில் மனிதக் கையின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. நீர் இறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை. அது வேகமாக இழுக்கும்போது கிணற்றின் நேர் கீழே உவர்நீர் கூம்பு வடிவில் எழும்புகிறது. ஒருமுறை உவரேறிய கிணறு ஒரு மழையில் மீளாது.

இந்த விதியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபனும், அதன்பின் 1901இல் ஜேர்மனியரான ஹெர்ஸ்பேக்கும் தனித்தனியே கண்டனர். கடலோரக் கிணறுகளின் சிக்கல்தான் அவர்களையும் இதற்கு இழுத்தது. இந்த மாதிரியுருவுக்கும் எல்லை உண்டு. நன்னீரும் உவர்நீரும் கத்தியால் வெட்டியதுபோலப் பிரிந்திருப்பதில்லை, இடையில் கலந்த படை ஒன்று இருக்கும். சுண்ணாம்புக் கல்லில் உள்ள குகைகளும் வெடிப்புகளும் கணக்கைக் குழப்பும். ஆகவே 40 என்பதைத் துல்லியமான அளவாகக் கொள்ளாமல் ஓர் எச்சரிக்கையாகக் கொள்வதே அறிவு.

இதில் நாம் கண்ட முக்கியமான பாடம் சமநிலை. மீஸான் என்ற சொல்லை அறியாத மாணவி நம்மிடையே இருக்க முடியாது. இனி வரும் மூன்று இடங்களிலும் ஒரு தராசின் இரண்டு தட்டுகளையே தேடப்போகிறோம்.

இலத்திரன் ஏன் விழுவதில்லை?

கிணற்றிலிருந்து மிகச் சிறிய உலகுக்குப் போவோம். ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர். நமது தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர். ஐதரசன் அணுவின் குறுக்களவு சுமார் 0.1 நனோமீற்றர்.

அணுவின் நடுவே நேரேற்றமுள்ள கரு. வெளியே மறையேற்றமுள்ள இலத்திரன். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. பழைய பௌதிகவியலின்படி சுற்றிவரும் இலத்திரன் ஒளியை வெளிவிட்டுச் சக்தியை இழக்கும். ஒரு செக்கனின் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு அளவான நேரத்திலேயே அது கருவில் விழுந்துவிட வேண்டும். அப்படியானால் அணுவும் இல்லை, நாமும் இல்லை.

இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர்களில் நம் வடபுலத்தவர் ஒருவரும் உண்டு. 1918இல் பிறந்து, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் பயின்று, கேம்பிறிட்ஜ் சென்று, புகழ்பெற்ற போல் டிராக்கிடம் ஆய்வு செய்த பேராசிரியர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர் அவர்கள்தான் அவர். பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் மலாயாவிலும் மெல்பேர்ணிலும் கணிதப் பேராசிரியராக விளங்கினார்.

ஒளியை வெளிவிடும் இலத்திரனுக்கு 1938இல் டிராக் ஒரு சமன்பாடு எழுதியிருந்தார். அதை ஐதரசன் அணுவுக்குப் பிரயோகித்தால் என்ன நடக்கும் என்று எலியேசர் கணித்தார். 1943இல் வெளிவந்த விடை எல்லாரையும் வியக்க வைத்தது. கருவை நோக்கி நேர்கோட்டில் விடப்பட்ட இலத்திரன் கருவில் மோதவே மாட்டாது. இடையில் நின்று, திரும்பி, ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகத்தில் வெளியே ஓடிவிடும்! இழுக்கும் ஒன்றை விட்டு இப்படி ஓடுவது இயற்கையில் நடக்கிற காரியமா? கணக்கில் பிழை இல்லை. சமன்பாடுதான் அதன் எல்லையைத் தாண்டிவிட்டது. எலியேசரின் கணிப்பு அந்த எல்லையை வெளிச்சம் போட்டுக் காட்டியது. ஒரு கருவி எங்கே உதவாது என்று நிறுவுவதும் பெரிய அறிவே.

சரியான விடை சொட்டுப் பொறிமுறையில் இருக்கிறது. அங்கே இலத்திரன் அலையாகவும் நடந்துகொள்கிறது. பெரிய ரபான் கம்பீரமாக ஒலிக்கும், சிறிய ரபான் உச்சத்தில் ஒலிக்கும். அலையை அடைக்கும் இடம் சிறுத்தால் அதிர்வு கூடும். இலத்திரனும் அப்படித்தான். அதை ஒரு பெட்டிக்குள் அடைத்ததாக எண்ணுங்கள். பெட்டியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதன் மிகக் குறைந்த சக்தி நான்கு மடங்காகிறது. மூன்றில் ஒன்றாக்கினால் ஒன்பது மடங்கு. கருவின் இழுப்பால் கிடைக்கும் சக்தியோ இடம் பாதியானால் இரண்டு மடங்குதான் கூடும். ஆகவே இலத்திரனைக் கருவை நோக்கி நெருக்க நெருக்க எதிர்ப்பின் தட்டே கனக்கிறது. இரண்டு தட்டும் சமனாகும் இடமே அணுவின் அளவு.

இந்தப் பெட்டிக் கணக்கு பாடப் புத்தகத்தோடு முடியவில்லை. சில நனோமீற்றர் அளவான சொட்டுப் புள்ளிகள் என்ற பளிங்குத் துகள்களில், ஒரே பொருள் 2 நனோமீற்றர் அளவில் நீலமாகவும் 6 நனோமீற்றர் அளவில் சிவப்பாகவும் ஒளிர்கிறது. பெட்டி சிறுத்தால் சக்தி கூடும் என்பதே காரணம். இன்று தொலைக்காட்சித் திரைகளில் இவை உள்ளன. இந்த ஆய்வுக்காக 2023இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற மூவரில் மவுங்கி பவெண்டி, துனீசியக் கணித அறிஞர் ஒருவரின் மகன்.

கப்பலில் போட்ட கணக்கு

1930ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்துக்கொண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். வெண்குறளி எனப்படும் இறந்த நட்சத்திரங்களைப் பற்றி வழிநெடுகச் சிந்தித்தார். சூரியனின் திணிவு பூமியின் பருமனுக்குள் அடங்கியிருக்கும் விந்தைப் பொருட்கள் அவை. அதில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் சில தொன் நிறை இருக்கும்.

எரிபொருள் தீர்ந்த நட்சத்திரத்தை ஈர்ப்பு உள்நோக்கி நெரிக்கிறது. நெருக்கப்பட்ட இலத்திரன்கள் முன்சொன்ன பெட்டிக் கணக்கின்படி எதிர்க்கின்றன. எந்த நட்சத்திரத்திலும் இறுதியில் இலத்திரன்களே வெல்லும் என்று அறிஞர் நம்பினர். சந்திரசேகர் ஒன்றைக் கவனித்தார். நட்சத்திரம் பாரமாக இருந்தால் உள்ளே இலத்திரன்களின் வேகம் ஒளிவேகத்தை நெருங்கும். அப்போது ஐன்ஸ்டைனின் சார்பியலைச் சேர்த்துக் கணிக்க வேண்டும். சேர்த்தால் நிலைமை மாறுகிறது. இடம் பாதியானால் எதிர்ப்புச் சக்தி நான்கு மடங்காவதில்லை, இரண்டு மடங்குதான். ஈர்ப்பும் அதே இரண்டு மடங்கு. இரண்டு தட்டும் ஒரே அளவில் ஏறினால் சுருங்குவதால் பயன் இல்லை. எது வெல்லும் என்பதைத் திணிவு ஒன்றே தீர்மானிக்கும். அந்த எல்லை சூரியனின் திணிவைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதற்கு மேற்பட்ட திணிவை இலத்திரன்களால் தாங்க முடியாது.

1935 ஜனவரியில் இலண்டனில் வானியல் அறிஞர்கள் கூடிய அவையில் அவர் இதை எடுத்துரைத்தார். அக்காலத்தின் பெரும் அறிஞர் ஆதர் எடிங்டன் எழுந்து, நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ள இயற்கையில் ஒரு தடை இருந்தே தீரும் என்ற கருத்தில் அதைக் கேலி செய்தார். இளைஞருக்காக எழுந்து பேச அங்கே ஒருவரும் இல்லை. சந்திரசேகர் சண்டையிடவில்லை. தம் கணக்கை முழுமையாக எழுதி வெளியிட்டுவிட்டு வேறு துறைக்குச் சென்றார். காலம் செல்ல, நியூத்திரன் நட்சத்திரங்களும் கருந்துளைகளும் கண்டறியப்பட்டன. 1983இல் நோபல் பரிசு வந்தது. இடையில் கடந்தவை 53 ஆண்டுகள்.

முகில் எப்போது நட்சத்திரமாகும்?

மார்கழி, தை மாத இரவில் தீவகத்து வானம் தெளிந்திருந்தால் வேடன் உடுத்தொகுதியைப் பாருங்கள். திருவாதிரை நட்சத்திரம் அதில்தான் இருக்கிறது. நடுவே வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்கு அருகில் வாள் போலத் தொங்கும் பகுதியில் ஒரு புள்ளி மட்டும் புகைபோல மங்கித் தெரியும். அது நட்சத்திரமல்ல. சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவிலுள்ள வாயு முகில். அங்கே இப்போதும் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன.

முகில் என்றதும் அடர்த்தியாக எண்ணிவிடாதீர்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன சதமமீற்றருக்குள் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் உள்ளன. நட்சத்திரம் உருவாகும் குளிர்ந்த முகில்களில் அதே இடத்தில் இருப்பவை சில ஆயிரம் முதல் சில இலட்சம் மட்டுமே. வெப்பநிலையோ பூச்சியத்துக்குக் கீழே 260 பாகை செல்சியசுக்கு அண்மையில். இவ்வளவு ஐதான வாயு எப்படித் திரண்டு சூரியனாகிறது?

1902இல் ஆங்கிலேயரான ஜேம்ஸ் ஜீன்ஸ் தராசை இங்கே வைத்தார். ஒரு தட்டில் வாயுவை விரியச் செய்யும் வெப்ப அமுக்கம். மறு தட்டில் ஒன்றுசேர்க்கும் ஈர்ப்பு. சிறிய முகிலில் அமுக்கம் வெல்லும், வாயு கலைந்துவிடும். திணிவு ஓர் எல்லையைத் தாண்டினால் ஈர்ப்பு வெல்லும். முகில் சுருங்கும்போது எழும் வெப்பம் தொடக்கத்தில் கதிர்ப்பாகத் தப்பிவிடுகிறது, ஆகவே எதிர்ப்பு வளர்வதில்லை. ஈர்ப்போ சுருங்கச் சுருங்க வளர்கிறது. அணுவில் நடந்ததற்கு நேர்மாறு. குளிர்ந்த செறிந்த முகிலுக்கு இந்த எல்லை சில சூரியன்களின் திணிவு அளவில் வருகிறது. சுருங்க எடுக்கும் காலம் சில இலட்சம் ஆண்டுகள்.

இந்த மாதிரியுருவிலும் விடுபட்டவை உண்டு. முகில் சுழல்கிறது, கொந்தளிக்கிறது, அதனூடே காந்தப் புலமும் ஓடுகிறது. 1953இல் என்றிக்கோ பெர்மியோடு சேர்ந்து, விண்வெளியின் காந்தப் புலத்தை நட்சத்திர ஒளியின் முனைவாக்கத்திலிருந்து மதிப்பிடும் வழியைக் கண்டவர் யார் தெரியுமா? அதே சந்திரசேகர்தான். இலத்திரனில் தொடங்கியவர் விண்முகிலுக்கும் வந்து சேர்ந்தார். பொருள் மாறினாலும் கருவி ஒன்றே.

நம்ப முடியாத விடை வந்தால்?

இப்போது ஒரு சிக்கலான கேள்வி. எலியேசரின் கணக்கு நம்ப முடியாத விடையைத் தந்தது. பிழை சமன்பாட்டில் இருந்தது. சந்திரசேகரின் கணக்கும் நம்ப முடியாத விடையைத் தந்தது. அங்கே பிழை நம்பாதவர்களிடம் இருந்தது. எது எது என்று எப்படி அறிவது?

மூன்றாவது கதை ஒன்றைக் கேளுங்கள். சிசிலியா பெய்ன் என்ற ஆங்கிலப் பெண் கேம்பிறிட்ஜில் பயின்றார். அக்காலத்தில் அங்கே பெண்களுக்குப் பட்டம் வழங்குவதில்லை. ஆகவே அமெரிக்காவின் ஹாவார்ட் வானாய்வகத்துக்குச் சென்றார். வங்காளத்தைச் சேர்ந்த மேகநாத் சாகா 1920இல் தந்த சமன்பாட்டைக் கொண்டு நட்சத்திர ஒளியை ஆராய்ந்தார். நட்சத்திரங்களும் பூமியும் ஒரே பொருட்களால் ஆனவை என்று எல்லாரும் நம்பிய காலம் அது. நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஐதரசனும் ஈலியமுமே என்று அவருடைய கணக்கு சொன்னது. மூத்த அறிஞர் ஹென்றி நொறிஸ் ரசல் அது நடக்க முடியாதது என்றார். 1925இல் தம் ஆய்வேட்டில் அந்த முடிவு அநேகமாக உண்மையல்ல என்று பெய்ன் தம் கையாலேயே எழுத நேர்ந்தது. நான்கு ஆண்டுகளின் பின் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்த ரசல், அது சரியென ஏற்றுக்கொண்டார்.

விடை விருப்பத்துக்கு மாறாக இருப்பதாலோ, சொன்னவர் இளையவர் என்பதாலோ, பெண் என்பதாலோ அது பிழையாகிவிடாது. பெரியவர் சொன்னதால் சரியாகிவிடவும் மாட்டாது. எடுகோளைச் சோதி, கணக்கைச் சோதி, இறுதியில் இயற்கையிடம் கேள். வேறு குறுக்கு வழி இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பஸ்றாவில் பிறந்த இப்னுல் ஹைதமும் இதையே செய்தார். எல்லாரும் போற்றிய தொலமியின் வானியல் மாதிரியுருக்களில் உள்ள முரண்பாடுகளை எடுத்துக்காட்டி ஒரு தனி நூலே எழுதினார்.

கிணறும் நம்மிடம் இதே கேள்வியைக் கேட்கிறது. "இவ்வளவு தண்ணீர் தெரிகிறதே, இன்னும் கொஞ்சம் இறைத்தால் என்ன?" என்று கண் சொல்லும். "நாற்பது மடங்கு" என்று கணக்கு சொல்லும். இதில் யாரை நம்புவது என்பதில் ஒரு தீவின் குடிநீர் தங்கியிருக்கிறது.

பெற்றோரே, மகள் கணிதப் பிரிவைத் தெரிந்தெடுக்க விரும்பினால், "அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்பதற்கு முன் கிணற்றை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அதன் அடியில் என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரிந்த ஒரு பெண் ஊருக்கு வேண்டும்.

செய்து பார்ப்போம்

1. ஒரு லீற்றர் தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரைத்து ஒரு கண்ணாடிக் குவளையில் பாதியளவு ஊற்றுங்கள். சாயம் சேர்த்த நன்னீரை ஒரு கரண்டியின் முதுகில் மெதுவாக ஊற்றி அதன்மேல் விடுங்கள். இரண்டும் பிரிந்து நிற்பதைக் காண்பீர்கள். பின் ஓர் உறிஞ்சு குழாயை மேற்படையில் வைத்து முதலில் மெதுவாகவும் அடுத்து வேகமாகவும் உறிஞ்சுங்கள். எல்லைக்கோடு என்ன செய்கிறது?

2. ஒரு கிணற்றில் நன்னீர் கடல் மட்டத்துக்கு மேலே 20 சதமமீற்றர் நிற்கிறது. கீழே எவ்வளவு ஆழம் வரை நன்னீர் இருக்கும்? (விடை: 8 மீற்றர்)

3. இலத்திரன் அடைபட்ட பெட்டியின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் அதன் மிகக் குறைந்த சக்தி என்னவாகும்? (விடை: நான்கில் ஒன்று)

4. உங்கள் வீட்டில் நாள்தோறும் பயன்படும் ஒரு மாதிரியுருவைக் கண்டுபிடியுங்கள். அது எதை விட்டுவிடுகிறது, எங்கே பிழைக்கும் என்று உங்கள் உம்மாவிடமோ வாப்பாவிடமோ கேட்டு எழுதுங்கள். இதற்கு விடை இங்கே தரப்படவில்லை. அதை நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டும்.